கேட்காமலே எழுந்த செயலிகள்

நாணலாற்றங்கரைக் காட்டில் ஒரு கீரி வாழ்ந்தாள். பெயர் செங்கமலம். காட்டில் இருந்த ஒரே கணினியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுடையது.

அந்தக் கணினி ஆற்றோரக் குடில் ஒன்றில் இருந்தது. மனிதர்கள் எப்போதோ வைத்துவிட்டு வேறிடம் போய்விட்டார்கள். குடிலின் கூரையில் சூரியத் தகடு பதித்திருந்தது. காலை வெயில் பட்டால் கணினி விழிக்கும். வெயில் சாய்ந்தால் உறங்கிவிடும்.

ஆற்றின் மேலே, வெகு தொலைவில், ஓர் அணை. மழைக்காலத்தில் அணைக்காரர்கள் விடிந்ததும் மதகைத் திறப்பார்கள். தண்ணீர் வளைந்து வளைந்து வந்து தாழ்வான கரையை மூழ்கடிக்கும். அங்கேதான் முயல்களும் நீர்க்கோழிகளும் குடியிருந்தன.

தண்ணீர் வரும் வழியில் ஒரு கம்பம் நட்டிருந்தது. தண்ணீர் கம்பத்தைத் தொட்டால் கணினிக்குச் சேதி வரும். கணினிக்குள் ‘வெள்ளமணி’ என்று ஒரு செயலி. சேதி கிடைத்ததும் அது கூரைமேல் இருந்த ஒலிபெருக்கியை ஊதவைக்கும். ஊதல் கேட்டதும் தாழ்கரைக்காரர்கள் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். தண்ணீர் வரும், போகும். எல்லாரும் இறங்கி வந்து வீட்டைச் சரிசெய்துகொள்வார்கள். பல மழைக்காலங்கள் இப்படியே நல்லபடியாகப் போயின.

செங்கமலத்திடம் ஒரு குணம் உண்டு. யார் என்ன கேட்டாலும் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

முதலில் வந்தவர் மயில் அழகேசன்.

“செங்கமலம், உன் கணினியில எனக்கு ஒரு மேகச் செயலி போட்டுத் தரணும். மேகம் எந்தப் பக்கம் வருதுன்னு தெரிஞ்சா, தோகையை முன்னாடியே கோதி வச்சுக்குவேன்” என்றார்.

செங்கமலம் போட்டுக் கொடுத்தாள். போடும்போது திரையில் பொடி எழுத்தில் ஒரு கேள்வி வந்தது. ‘கணினி விழிக்கும்போதே நானும் விழிக்கலாமா?’

“என்ன கேக்குது?” என்றார் மயில்.

“தானும் கூடவே எழுந்திருக்கட்டுமான்னு கேக்குது.”

“மரியாதையாத்தானே கேக்குது. சரின்னு சொல்லிடு.”

செங்கமலம் ‘சரி’யை அமுக்கினாள்.

அடுத்து வந்தவன் கருங்குரங்கு முத்துக்கருப்பன். எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது என்று சொல்லும் ‘பழச்செய்தி’ அவனுக்கு வேண்டும். அதுவும் பொடி எழுத்தில் ஏதோ கேட்டது. செங்கமலம் படிக்கக் குனிவதற்குள் முத்துக்கருப்பனின் விரல் ‘சரி’யை அமுக்கிவிட்டது.

பிறகு மைனாக்கள் தங்கள் பாட்டை ஏற்றச் சொன்னார்கள். அணில்கள் கொட்டை உருட்டும் விளையாட்டு கேட்டார்கள். முயல்கள் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் சொந்தக்காரர்களின் படங்களைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. ஒவ்வொரு செயலியும் அதே கேள்வியைக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ என்றே பதில் போனது.

இதனால் காலை நேரம் பெரும்பாடாகிவிட்டது. வெயில் பட்டதும் எல்லாச் செயலிகளும் ஒரே நேரத்தில் எழுந்து முண்டியடித்தன. மைனாப் பாட்டு ஆரம்பித்து முதல் அடியிலேயே திக்கி நின்றது. மேகப்படம் பாதி திறந்து உறைந்தது. திரை நடுவில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. செங்கமலம் அதன் முன்னால் உட்கார்ந்து, “சீக்கிரம் சுத்தேன்” என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள். வெள்ளமணி வெகு நாளாக இருப்பது. இடித்துத் தள்ளத் தெரியாதது. மற்றவையெல்லாம் எழுந்து முடித்த பிறகுதான் அதற்கு இடம் கிடைத்தது.

மழைக்காலம் வந்தது.

தாழ்கரை நாணலில் பவளம் என்ற நீர்க்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் பக்கத்து முயல், “ஆத்துல சத்தம் ஒரு மாதிரியா இருக்கே, பவளம்” என்றது.

“ஊதல் கேக்கலையே. தண்ணி வந்தா செங்கமலம் அக்கா ஊதிடுவாங்க” என்றாள் பவளம். கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது கூடு நகர்ந்துகொண்டிருந்தது. அவளும் முட்டைகளும் கூட்டோடு ஆற்றில் மிதந்து போனார்கள். முயல்கள் வளையிலிருந்து துள்ளி எழுந்து புதர்களில் ஏறிக்கொண்டன. கூடு குடிலைத் தாண்டிப் போகும் நேரத்தில்தான் ஒலிபெருக்கி ஊதியது.

பவளம் அண்ணாந்து பார்த்தாள். “இப்ப எதுக்கு?” என்றாள்.

நல்லவேளையாக, விழுந்து கிடந்த மருதமரத்தின் வேரில் கூடு சிக்கி நின்றது. முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முயல்களின் வளைகள் எல்லாம் சேறாகிவிட்டன.

தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் குடிலின் முன்னால் கூடினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. பவளம் மட்டும் பேசினாள்.

“அக்கா, உங்க ஊதலை நம்பித்தான் நான் கண்ணை மூடினேன்.”

செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள்.

முள்ளம்பன்றி வேலாயுதம் முன்னால் வந்தார். எதையும் உடனே முடித்துவிட வேண்டும் அவருக்கு. “இதுல யோசிக்க என்ன இருக்கு? நமக்கு வெள்ளமணி ஒண்ணு போதும். மத்த எல்லாத்தையும் நிறுத்திடுவோம். தள்ளு, நான் பாக்கறேன்.”

விழிக்கும்போதே எழும் செயலிகளின் பெயர்களைச் செங்கமலம் திரையில் வரவழைத்தாள். பட்டியல் முடியாமல் கீழே நீண்டுகொண்டே போனது. வேலாயுதம் ஒரு முள்ளின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு நிறுத்தினார். மேகம், நிறுத்து. மைனாப் பாட்டு, நிறுத்து. பழச்செய்தி, நிறுத்து.

நடுவில் தெரியாத பெயர்களும் இருந்தன.

“துணைவால்னு ஒண்ணு இருக்கே. அது என்ன?” என்றார்.

“தெரியலை, அண்ணே.”

“இது? தூதன்?”

“அதுவும் தெரியலை.”

“தெரியாததுக்கு இங்க என்ன வேலை?”

செங்கமலத்துக்கு மனது உறுத்தியது. ஒன்றைத் தொடும் முன் அது என்ன என்று பார்த்துவிடலாமே என்று நினைத்தாள். ஆனால் வேலாயுதத்திடமும் அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இரண்டையும் அவர் நிறுத்தினார்.

மறுநாள் வெயில் பட்டதும் கணினி இமைக்கும் நேரத்தில் விழித்தது. சக்கரமே சுற்றவில்லை. திரையில் வெள்ளமணி மட்டும் பளிச்சென்று நின்றது. ‘ஆறு அமைதி’ என்று காட்டியது. முயல்கள் துள்ளின. வேலாயுதம் முட்களை விரித்துக்கொண்டு கரையோரம் அங்குமிங்கும் நடந்தார். அழகேசன் மட்டும் மேகத்தைத் தன் கண்ணாலேயே பார்க்கவேண்டியதாகிவிட்டதே என்று முணுமுணுத்தார்.

அடுத்தடுத்த நாட்களிலும் ‘ஆறு அமைதி’ என்றே வந்தது. அமைதியாகவும் இருந்தது.

பிறகு ஒருநாள். காட்டின் மேல் வானம் வெளுத்திருந்தது. ஒரு துளி மழை இல்லை. திரை ‘ஆறு அமைதி’ என்றது. செங்கமலம் தண்ணீர் குடிக்க ஆற்றில் இறங்கினாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தது. சருகும் சுள்ளியும் நுரையும் வேகமாக வந்தன. மேலே எங்கோ பெய்த மழையின் சேற்று வாசனை அடித்தது.

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். ஆறு அமைதி.

திரும்ப வந்து ஆற்றைப் பார்த்தாள். அவள் நின்ற கல்லைத் தண்ணீர் அதற்குள் மூடிவிட்டது.

செங்கமலம் தாழ்கரைக்கு ஓடினாள். “ஏறுங்க, எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஊதல் ஊதலையே” என்றன முயல்கள்.

“அது ஊதாது. இப்போ நான்தான் ஊதல். ஓடுங்க.”

முயல்கள் ஓடின. மருதமர வேரில் பவளம் மட்டும் கூட்டை விட்டு நகரவில்லை. “என்னால முட்டையைத் தூக்கிட்டுப் போக முடியாது, அக்கா. நீங்க போங்க” என்றாள்.

“என்கிட்ட குடு. வாயில கவ்விட்டுப் போறேன்.”

பவளம் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கீரிக்கு முட்டை என்றால் எவ்வளவு பிரியம் என்று தெரியாத பறவை அந்தக் காட்டில் இல்லை. செங்கமலத்துக்கும் அது தெரியும். அவளுடைய நாக்கு அதற்குள் நனைந்துவிட்டது.

“ஒருமுறை உன்னை ஏமாத்திட்டேன், பவளம். இன்னொரு முறை மாட்டேன்” என்றாள்.

தண்ணீர் கூட்டின் அடியைத் தொட்டது. பவளம் ஒதுங்கி வழிவிட்டாள்.

செங்கமலம் ஒரு முட்டையை மெல்லக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். வைத்துவிட்டுத் திரும்ப ஓடி வந்தாள். அடுத்ததைக் கவ்வினாள். வாயில் முட்டையோடு ஓடும் கீரியும், பின்னாலேயே படபடத்து ஓடும் நீர்க்கோழியும் மேட்டில் நின்றவர்களை வாயடைக்கச் செய்தார்கள். கடைசி முட்டையைக் கவ்வியபோது தண்ணீர் அவள் கழுத்து வரை வந்துவிட்டது. நீந்திக் கரையேறி, முட்டையைப் புல்லில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கக் கவிழ்ந்து படுத்தாள்.

பவளம் முட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றிலும் கீறல் இல்லை. “அக்கா, பல்லுகூடப் படலையே” என்றாள்.

“பேசாதே. இன்னும் எச்சில் ஊறிட்டிருக்கு” என்றாள் செங்கமலம்.

மேட்டில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு வேலாயுதம் குடிலுக்கு வந்தார். முட்கள் படிந்து கிடந்தன. “நான் வெள்ளமணியை நிறுத்தவே இல்லையே, தங்கச்சி. அதை விட்டுத்தானே வச்சேன்” என்றார்.

“வாங்க, பாப்போம்” என்றாள் செங்கமலம்.

அன்று நிறுத்திய பெயர்களைத் திரையில் வரவழைத்தாள். ‘தூதன்’ என்ற பெயரைத் தொட்டாள். கீழே ஒரு வரி விரிந்தது. ‘கம்பத்திலிருந்து சேதியைக் கொண்டுவந்து வெள்ளமணியிடம் சொல்லும்.’

இருவரும் அதைப் படித்தார்கள்.

“அப்போ வெள்ளமணி முழிச்சுட்டுத்தான் இருந்துது. அதுக்கு யாரும் சேதி சொல்லலை. அதான் அமைதி, அமைதின்னு காட்டிட்டே இருந்திருக்கு” என்றாள் செங்கமலம்.

“பேரு தெரியலைங்கற ஒரே காரணத்துக்கு அதை நிறுத்திட்டேன்” என்றார் வேலாயுதம்.

“நான் என்ன ஏதுன்னு கேக்காமயே எல்லாத்தையும் உள்ளே விட்டேன், அண்ணே. நிறுத்தும்போதும் சும்மா நின்னேன்.”

இந்தமுறை அவசரப்படாமல் செய்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள். முதலில் எல்லாச் செயலிகளையும் பழையபடி எழ விட்டார்கள். பிறகு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார்கள். நீ என்ன செய்கிறாய்? யாருக்கு வேண்டும்? விடிந்ததும் வேண்டுமா, கூப்பிட்டபோது வந்தால் போதுமா? ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் நீர்க்காகம் ஒன்று பறந்துபோய்க் கம்பத்தின் மேல் தண்ணீரைத் தெளிக்கும். ஒலிபெருக்கி ஒருமுறை மட்டும் கூவி நின்றால் அது சோதனை, எல்லாம் சரி என்று தாழ்கரைக்காரர்களிடமும் சொல்லிவைத்திருந்தார்கள். அந்தக் கூவலைக் கேட்ட பிறகே அடுத்ததில் கை வைத்தார்கள். நடுநடுவே பெருமழை வந்தால் கரையில் உட்கார்ந்து ஆற்றைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார்கள்.

அழகேசன் வருத்தத்தோடு வந்தார். “என் மேகச் செயலியை மறுபடியும் நிறுத்தப் போறீங்களாமே?”

“எடுத்துப் போடலை. நீங்க வந்து கூப்பிட்டா எழுந்திருக்கும். நீங்க எப்போ எழுந்திருப்பீங்க?” என்றாள் செங்கமலம்.

“நானா? வெயில் நல்லா ஏறினப்புறம்.”

“அப்போ அதுவும் அப்பவே எழுந்திருக்கட்டும். உங்களுக்கு முன்னாடி எழுந்து அது யாருக்கு மேகம் காட்டப்போகுது?”

அழகேசன் யோசித்தார். “அதுவும் சரிதான்” என்று போய்விட்டார்.

அணில்களிடம் கொட்டை உருட்டும் விளையாட்டைப் பற்றிக் கேட்டார்கள். “எந்த விளையாட்டு?” என்று திருப்பிக் கேட்டார்கள் அணில்கள். அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். மைனாக்களுக்கு மட்டும் கொஞ்சம் கோபம். நேரிலேயே பாடலாமே என்று பவளம் சொன்னதும் அதுவும் தீர்ந்தது.

பழச்செய்திதான் பாடாய்ப் படுத்தியது. முத்துக்கருப்பன், “தாராளமா நிறுத்துங்க, அக்கா. வேணும்னா நானே வந்து கூப்பிட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டான். நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் அது எழுந்து நின்றது. திரும்ப நிறுத்தினார்கள். திரும்ப எழுந்தது.

செங்கமலத்துக்குக் கோபம் வந்தது. “வாய்ல சரின்னுட்டு, நாங்க இல்லாத நேரம் வந்து நீயே எழுப்பி விடறியா?” என்று கேட்டுவிட்டாள்.

முத்துக்கருப்பனின் முகம் வாடியது. “என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது? நாளைக்கு விடியும்போது நான் இங்கேயே இருக்கேன். கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன். நீங்களே பாருங்க.”

சொன்னபடியே வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வேலாயுதமும் வந்தார். வெயில் கூரையைத் தொட்டது. கணினி விழித்தது. அவர்கள் மூவரும் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

முதலில் எழுந்தது ‘துணைவால்’. அது பழச்செய்தி எழுந்துவிட்டதா என்று பார்த்தது. எழவில்லை என்றதும் உடனே அதை எழுப்பிவிட்டது.

“இவன்தானா அது? இதை யாரு உள்ளே விட்டது?” என்றார் வேலாயுதம்.

செங்கமலம் பெயரைத் தொட்டு விவரத்தைப் படித்தாள். “பழச்செய்தி கூடவே வந்திருக்கு. முத்துக்கருப்பா, நீ சரின்னு அமுக்கின அந்தப் பொடி எழுத்துல இதுவும் இருந்திருக்கு.”

“நான் பழத்தைத்தானே கூப்பிட்டேன். வாலை யாரு கூப்பிட்டா?” என்றான் அவன். தன் வாலைப் பின்னாலிருந்து இழுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டான். “என் வால் நான் சொன்னா கேக்கும். இது கேக்க மாட்டேங்குதே.”

துணைவாலை எடுத்தார்கள். பழச்செய்தி அதன்பிறகு தானாக எழவில்லை. செங்கமலம் முத்துக்கருப்பனிடம், “உன்மேல சந்தேகப்பட்டது என் தப்பு” என்றாள். அவன் அன்று மத்தியானமே ஒரு நாவற்பழக் கொத்தோடு வந்தான். அவர்கள் மூவரும் நாக்கு நீலமாகும்வரை தின்றார்கள்.

கடைசியில் கணினியோடு சேர்ந்து எழுபவை வெள்ளமணியும் தூதனும் மட்டுமே. மற்றவை கூப்பிட்டால் வந்தன. ஒருவருக்கும் வேண்டாதவை போய்விட்டன.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அணை இன்னொரு முறை திறந்தது. இலை நுனிகளில் வெயில் பட்ட சற்று நேரத்திலேயே ஒலிபெருக்கி விடாமல் கூவியது. முயல்கள் ஏறின. பவளம் ஏறினாள். அவளுக்குப் பின்னால் கறுப்புப் பஞ்சு உருண்டைகள் போல அவளுடைய குஞ்சுகள் வரிசையாக ஏறின. எல்லாரும் மேட்டில் உட்கார்ந்து, புல்லில் இருந்த பனியும் காய்ந்த பிறகுதான் தண்ணீர் வந்தது. வந்து பார்த்தால் தாழ்கரையில் ஒருவரும் இல்லை.

மழைவிட்ட ஒருநாள் ஒரு பச்சைக்கிளி குடிலுக்கு வந்தது. “கீரியக்கா, நான் பேசிப் பதிவு செஞ்சது ஒண்ணு இருக்கு. விடிஞ்சதும் ஊரே கேக்கணும். கணினியில போட்டுக் குடுங்க” என்றது.

செங்கமலம் கிளி கொண்டுவந்த செயலியைத் திறந்தாள். பொடி எழுத்தைக் குனிந்து முழுவதும் படித்தாள். அதற்குக் கூடவே வரும் கூட்டாளிகள் யாராவது உண்டா என்று பார்த்தாள். பிறகு கிளியைப் பார்த்தாள்.

“விடிஞ்சதும் முடியாது” என்றாள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். கிளி கோபித்துக்கொள்ளும், காடு முழுக்கத் தன்னைத் திட்டித் தீர்க்கும் என்று நினைத்தாள்.

கிளி தலையைச் சாய்த்து, “சரி, அப்போ சாயங்காலம் வரேன். நானே கூப்பிட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

“இவ்வளவுதானா?” என்றாள் செங்கமலம்.

பக்கத்தில் படுத்திருந்த வேலாயுதம் ஒரு கண்ணைத் திறந்து, “இவ்வளவுதான், தங்கச்சி” என்றார்.

தானாக எழும் எதையும், அது எதற்கு என்று கேட்காமல் உள்ளே விடுவதும் ஆபத்து. அது எதற்கு என்று அறியாமல் நிறுத்துவதும் ஆபத்து.